கடலை டிரெஸ்ஸிங் உங்களைக் கவிழ்த்த கதை: தாய்லாந்து பாணி சிக்கன் சாலட் அனுபவங்கள்

கரண்டிக்காரி:
மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எந்த சாலட் என்று உங்களுக்கே தெரியும். முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி, பிய்த்துப் போட்ட சிக்கன், மேலே பொரித்த நூடுல்ஸ். காய் எல்லாம் நறுக்கியாயிற்று. ஹாலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டிரெஸ்ஸிங்தானே, இரண்டு நிமிட வேலை என்று அதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

கிண்ணத்தில் அரை கப் பீனட் பட்டர். அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து கலக்கினேன். தளரும் என்று பார்த்தால் இறுகுகிறது! வழுவழுவென்று இருந்தது பொரபொரத்து, அப்புறம் ஒரே கட்டியாகத் திரண்டு கரண்டியோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. சரி, சாறு போதவில்லை போல என்று இன்னும் ஒரு ஸ்பூன். இன்னும் இறுகியது. கையை எடுத்தால் கரண்டி நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறது. கணவர் எட்டிப் பார்த்து, "சிமென்ட் குழைக்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவையும் குப்பைக்கூடையில் தட்டிவிட்டு, வெறும் உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பரிமாறினேன். ஒருவர்கூட "கடலை டிரெஸ்ஸிங் என்றாயே, எங்கே?" என்று கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. கேட்டிருந்தால் சொல்லிச் சிரித்துத் தீர்த்திருப்பேன்.

உங்களில் யாருக்காவது இப்படி?

நொறுக்குப்பிரியன்:
எனக்கு டிரெஸ்ஸிங் அருமையாக வந்தது. அதுவே வினையாகிவிட்டது. அலுவலகத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் என்று ஏற்பாடு. காலை ஏழு மணிக்கே எல்லாவற்றையும் கலந்து, நூடுல்ஸையும் தாராளமாகத் தூவி, டப்பாவில் அடைத்துவிட்டேன். போதாததற்கு மூடிமேல் "மொறுமொறு சாலட்" என்று சீட்டு வேறு.

ஒரு மணிக்குத் திறந்தால் அடியில் இரண்டு விரற்கடைக்கு இளஞ்சிவப்புக் குட்டை. ஊதா முட்டைக்கோஸ் போட்டிருந்தேன். அந்தச் சாயம் எலுமிச்சைப் புளிப்பில் சிவந்து, சிக்கன் முழுவதும் ரோஜா நிறம். நூடுல்ஸ் ஊறி, சொல்ல வேண்டாம், புழு மாதிரி கிடந்தது. பக்கத்து மேசைக்காரர் மூடியை எடுத்து, அந்தச் சீட்டை நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். "மொறு... மொறு... சாலட்." மூடியைக் கீழே வைத்துவிட்டு சோற்றுப் பக்கம் போய்விட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது.

சோயா சாஸிலும் மீன் சாஸிலும் இருக்கிற உப்பு காயின் தண்ணீரையெல்லாம் வெளியே இழுத்துவிடும் என்று பிற்பாடுதான் புத்திக்கு உறைத்தது. இப்போதெல்லாம் டிரெஸ்ஸிங் தனி டப்பா, நூடுல்ஸ் தனிப் பொட்டலம். சீட்டு ஒட்டுவதே இல்லை.

பழைய உரல்:
கரண்டிக்காரி, தூக்கியா போட்டீர்கள்? படித்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அது கெட்டே போகவில்லை அம்மா! பீனட் பட்டர் என்பது எண்ணெயில் மிதக்கும் கடலைத் தூள். அதில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ விழுந்தால், அந்தத் தூள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருக்கிய சாக்லேட்டில் தண்ணீர் தெறித்தால் திரிந்து கட்டியாகும், பார்த்திருப்பீர்கள். அதே கூத்துதான். அந்த இடத்தில் பயந்து நிறுத்தினால் சிமென்ட். நிறுத்தாமல் வெந்நீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே போனால், நாலாவது ஐந்தாவது ஸ்பூனில் திடீரென்று மனசு மாறி வழவழவென்று இளகிவிடும். நிறம்கூட வெளுத்து, பால் கலந்த மாதிரி ஆகும்.

என் கணக்கு இது. அரை கப் பீனட் பட்டருக்கு மேசைக்கரண்டியால் எலுமிச்சைச் சாறு இரண்டு, மீன் சாஸ் ஒன்று, பனைவெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ ஒன்று, துருவிய இஞ்சி ஒரு சின்ன ஸ்பூன், நசுக்கிய பூண்டு ஒரு பல், மிளகாய் உங்கள் தைரியத்துக்கு ஏற்ப. வெந்நீர் மூன்றிலிருந்து ஐந்து. பாட்டில் மேலே எழுதியிருப்பதையும் படியுங்கள். சிலவற்றில் ஏற்கனவே சர்க்கரையும் உப்பும் இருக்கும், அதற்கு வெல்லத்தைக் குறைக்க வேண்டும். வெறும் கடலை மட்டும் அரைத்ததில் எண்ணெய் மேலே மிதக்கும், அதை வடித்துவிடாமல் அடிவரை கலக்கி எடுங்கள். கரண்டியில் தூக்கி ஊற்றினால் நாடா மாதிரி விழ வேண்டும், அதுதான் பதம். காயோடு சேர்ந்தபின் இன்னும் இளகும், ஆகவே கொஞ்சம் கெட்டியாகவே விட்டுவிடுங்கள்.

என் கதையா? ஒரு தடவை வெல்லம் போட மறந்தேன். அவ்வளவுதான்.

கரண்டிக்காரி:
அண்ணா, அன்றைக்கு ஒரு முழம் தள்ளி கெட்டிலில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது.

மண் உரல்:
முதலில் இதைத் தாய்லாந்து சாலட் என்று சொல்வதை எல்லோரும் நிறுத்தலாமா? பாங்காக்கில் ஒரு தெருவோரம் சோம் தாம் என்கிற பப்பாளிக்காய் சாலட் வாங்க நின்றேன். மண் உரல், மர உலக்கை. ஒரு கையில் உலக்கை, இன்னொரு கையில் நீளக் கரண்டி, இடிக்க இடிக்க அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருந்தார் அந்த அம்மா. பூண்டு, மிளகாய், வெல்லம், மீன் சாஸ், எலுமிச்சை, அப்புறம் சீவிய பப்பாளிக்காய். கடைசியில் ஒரு பிடி வறுத்த கடலை, அதற்கு லேசாக ஒரே தட்டு. முடிந்தது.

நான் அரைகுறை வார்த்தையும் கை ஜாடையுமாக "கடலை சாஸ் ஊற்றுங்கள்" என்றேன். அவர் உலக்கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். உலக்கையாலேயே நாலு கடை தள்ளி இருந்த சாத்தே வண்டியைச் சுட்டிக் காட்டினார். கடலை சாஸ் அங்கே, குச்சியில் சுட்ட இறைச்சிக்கு! வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே யாம் என்று சொல்கிற கலவைகளுக்கு எலுமிச்சை, மீன் சாஸ், மிளகாய், கொஞ்சம் இனிப்பு, இவ்வளவுதான். வடகிழக்கே ஈசான் பக்கத்தில் லாப் என்கிற கொத்துக்கறி சாலட்டுக்கு மொறுமொறுப்பு வேண்டும் என்றால் வறுத்துப் பொடித்த அரிசி போடுவார்கள். பீனட் பட்டர் பாட்டிலை யாரும் திறப்பதில்லை.

மாமியார் மெச்சியவள்:
மண் உரல் சகோ, கொஞ்சம் நில்லுங்கள். தாய்லாந்திலேயே சலாத் கேக் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுப் பிறந்தநாள் நினைவு வர வேண்டாம், காய்கறி, அவித்த முட்டை, பொரித்த டோஃபு போட்ட சாலட்தான். அதன் தலையில் ஊற்றுவது தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கடலை சாஸ். தெற்கே முஸ்லிம் சமையலோடு ஒட்டியது. ஒரு வண்டிக்கார அம்மா சிரித்துவிட்டார் என்பதற்காக ஒரு நாட்டுக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். அசல் அசல் என்று போனால் மிளகாயையும் கடலையையும் எடுத்துவிட வேண்டியதுதான். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. மேலே கரண்டிக்காரி "பாணி" என்றுதான் எழுதியிருக்கிறார், அதையும் பாருங்கள்.

என் அனுபவம் சின்னது. மாமியாரிடம் "இன்றைக்குத் தாய் சாலட்" என்றேன். நெடுநேரம் பேசவில்லை. சாப்பிடும்போது மெல்லக் கேட்டார்: "இது உன் தாய் செய்வதா?" நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமியார் அவரிடம் செய்முறை கேட்கிறார்.

மண் உரல்:
சலாத் கேக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் தேங்காய்ப்பால் இருக்கிறது, குழம்பு மசாலா இருக்கிறது. நீங்கள் எல்லோரும் செய்வது அது இல்லை.

ஒரு பிடி:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இந்த சாலட் என்றாலே ஒரு முள்கரண்டிச் சத்தம்தான் நினைவுக்கு வரும்.

தோழியின் தோழி ஒருவர் வந்திருந்தார். தட்டில் வெளியே தெரிகிற மாதிரி கடலை இல்லை. டிரெஸ்ஸிங்கில் மட்டும்தான், அதுவும் இஞ்சி வாசனையில் அமுங்கிவிட்டது. மூன்று வாய் சாப்பிட்டிருப்பார். முள்கரண்டியை மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "டிங்" என்று ஒரு சத்தம். "இதில் வேர்க்கடலை இருக்கிறதா?" என்று கேட்டார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. நான் பதில் சொல்லும் முன்பே உதடு தடிக்க ஆரம்பித்துவிட்டது. கைப்பையிலிருந்து அட்ரினலின் ஊசியை எடுத்துத் தொடையில் அவரே குத்திக்கொண்டார். நான் ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். ஊசி போட்டபின் சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டுமாம், மறுபடி கிளம்பக்கூடும் என்றார்கள். இரவு முழுவதும் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது நலம்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "வேர்க்கடலை ஆகாதவர் யாராவது உண்டா?" என்று கேட்க மூன்று வினாடி ஆகியிருக்கும்.

பழைய உரல்:
அடடா. இதற்குத்தான் முந்திரியை அரைத்துப் போட்டுவிடுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது. ருசியும் கிட்டத்தட்ட அதே, இன்னும் மென்மையாகவே இருக்கும். முந்திரியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து...

ஒரு பிடி:
அண்ணா, தயவுசெய்து வேண்டாம். வேர்க்கடலை பயறு இனம், முந்திரி மரக்கொட்டை, உண்மைதான். ஆனால் கடலை ஆகாதவர்களில் சிலருக்கு மரக்கொட்டைகளும் ஆகாது. எது ஆகும் என்று அவரவரைத்தான் கேட்க வேண்டும், நாமாக மாற்றிப் போடக் கூடாது. கரண்டி, பலகை, மிக்ஸி ஜாடியில் ஒட்டியிருப்பதும் கணக்கில் உண்டு. நான் செய்முறை கேட்கவில்லை.

பழைய உரல்:
சரிம்மா. தப்புதான்.

நார்நாராய்:
கொஞ்சம் லேசான விஷயத்துக்கு வருவோம். என் சிக்கன். தோலெடுத்த நெஞ்சுக்கறியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு போன் பேசப் போனேன். அரைமணி நேரம். எடுத்துப் பிய்த்தால் தேங்காய் நார். கயிறு திரிக்கலாம். டிரெஸ்ஸிங்கில் மூழ்கடித்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. என் எட்டு வயது மகன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான், மென்றான், தண்ணீர் குடித்தான், மறுபடி மென்றான். கடைசியில் என்னைப் பார்த்து, "அப்பா, இதை விழுங்கணுமா?" என்றான்.

இப்போது தளதளவென்று கொதிக்க விடுவதே இல்லை. உப்பும் இஞ்சியும் போட்ட தண்ணீரில் கறியை வைத்து, ஓரத்தில் சின்னக் குமிழி வருகிற சூட்டிலேயே வேகவைத்து, தடித்த இடத்தில் வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்டியதும் எடுத்துவிடுகிறேன். ஆறியபின் பிய்க்கிறேன். சூடாகப் போட்டால் முட்டைக்கோஸ் துவண்டுவிடும்.

நொறுக்குப்பிரியன்:
கறியைக் கழுவினீர்களா?

நார்நாராய்:
இல்லை. குழாயடியில் கழுவினால் கிருமி மேடை முழுக்கத் தெறிக்கும். பக்கத்திலேயே பச்சையாகச் சாப்பிடும் காய் இருக்கிறது. வேகும்போது கிருமி சாகும். இதில் என்னோடு சண்டைக்கு வர நினைப்பவர்கள் தனி இழை தொடங்கவும்.

கரண்டிக்காரி:
நேற்று மறுபடி செய்தேன். அதே எட்டுப் பேர். அழைக்கும்போதே ஒவ்வொருவரையும் கடலை ஆகுமா என்று கேட்டுக்கொண்டேன். சிக்கனை 74-இல் இறக்கினேன். வெள்ளரியின் விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்து எறிந்தேன், நறுக்கிய முட்டைக்கோஸை ஐஸ் தண்ணீரில் கால்மணி நேரம் போட்டுத் துணியில் ஒற்றி எடுத்தேன். கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கிறது. எலுமிச்சை விட்டதும் டிரெஸ்ஸிங் அதேபோல் இறுகியது. கை நடுங்கியது, ஆனால் விடவில்லை. அண்ணன் சொன்னபடி நாலாவது ஸ்பூன் வெந்நீரில் இளகிவிட்டது. கணவரைக் கூப்பிட்டு நாடா மாதிரி ஊற்றிக் காட்டினேன். "ம்" என்றார்.

மேசையில் வைத்துத்தான் கலந்தேன். மூன்று பேர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் போனபின் பாத்திரம் கழுவத் திரும்பினால், மிக்ஸிக்குப் பின்னால் பொரித்த நூடுல்ஸ் பொட்டலம், பிரிக்காமல் அப்படியே. இந்த முறையும் யாரும் கேட்கவில்லை. விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தேன்.