மறுமொழி: கரண்ட் லிமிட்டுக்கு ‘மறுகால்’ சரிவராது

அண்ணாச்சிக்கு வணக்கம். பவர் சப்ளையில் கரண்ட் குறித்த அளவைத் தாண்டாமல் பிடிக்கும் ‘கரண்ட் லிமிட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘மின்னோட்ட வரம்பு’ பாடநூல் நெடி அடிக்கிறது. மறுகால் என்று நம்ம ஊர்ச் சொல் இருக்க வேறு எதற்கு? குளம் நிறைந்தால் மறுகால் பாய்கிறது. கரண்ட் அளவை மீறினால் இதுவும் அதைத்தானே செய்கிறது?

படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. எங்கள் அம்மா பிறந்த ஊரே மறுகால்குறிச்சி. ஆனால் போன மாதம் முழுக்க 30 வோல்ட், 3 ஆம்பியர் தரும் ஒரு பவர் சப்ளை கிட்டோடு (நாமே பூட்டிக்கொள்வது) மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன், மறுகாலுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் மாட்டி, சுமை எதுவும் இல்லாமல் பெரிய கெப்பாசிட்டரில் மீட்டரை வைத்தால் 36 வோல்ட் (ஏ.சி.யின் உச்சம் வரை கெப்பாசிட்டர் ஏறிவிடும்). ராத்திரி எங்கள் தெருவில் லைன் வோல்ட்டேஜ் ஏறும்போது அதற்கும் மேலே. போர்டில் மைனஸ் பக்கம் 5.6 வோல்ட் தனியாக இருக்கிறது. இரண்டையும் கூட்டினால், வோல்ட்டேஜையும் கரண்டையும் கவனித்துக்கொள்ளும் ஆப்-ஆம்ப் சில்லின் தலையில் 41 வோல்ட்டுக்கு மேல். கிட்டோடு வந்த டி.எல்.081 தாங்குவதோ 36 தான். மூன்றில் ஒன்று இரண்டாம் நாளே போய்ச் சேர்ந்தது. 44 வோல்ட் வரை தாங்கும் டி.எல்.இ.2141 மூன்று வாங்கிப் போட்ட பிறகுதான் நிம்மதி.

அடுத்தது கெப்பாசிட்டர். கிட்டில் 3,300 மைக்ரோபாரட். 3 ஆம்பியர் இழுத்தால், நூறில் ஒரு நொடிக்குள் 9 வோல்ட் இறங்கி ஏறுகிறது. (‘ரிப்பிள்’ என்கிற இதைப் போய்ச் ‘சிற்றலை’ என்று எழுதச் சொல்கிறீர்கள். 9 வோல்ட் சிற்றலையாம்!) 30 வோல்ட் தருவேன் என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த இடத்தில் வெறும் பேச்சு. 10,000 போட்டால் இறக்கம் 3 வோல்ட்டுக்குள் வந்துவிடும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

சிவப்பு எல்.இ.டி. ஒன்றை, ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல், வெளியீட்டில் நேரடியாக மாட்டினேன். கரண்ட் திருகியை 20 மில்லியாம்பியரில் வைத்துவிட்டு, வோல்ட்டேஜ் திருகியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றினேன். 12 வோல்ட் அளவுக்குத் திருகியாயிற்று. மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டவே இல்லை. எல்.இ.டி. பாட்டுக்கு எரிகிறது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, “கரண்டு கட் ஆயிட்டா மாமா?” என்றான். “இல்லலே, நிக்கி” என்றேன்.

இந்த ‘நிக்கி’தான் விஷயம். உருகி (ஃபியூஸ்) என்றால் வெட்டிவிடும். இது வெட்டுவதில்லை, குறித்த அளவில் பிடித்து நிறுத்துகிறது. மறுகால் என்றால் மிச்சத் தண்ணீர் வேறு வழியாக வெளியே போகவேண்டும். இங்கே மிச்சம் என்று எதுவும் எங்கேயும் வழியவில்லை. மடைப்பலகையைத் தேவைக்கு இறக்குவது மாதிரி அந்தப் பெரிய டிரான்சிஸ்டர்தான் வழியைக் குறுக்குகிறது. தடுத்த பாரமும் அதன் தலையில்தான் சூடாக விடிகிறது. 3 ஆம்பியரில் வைத்து வெளியீட்டை ஷார்ட் செய்து பாருங்கள், சுமார் 80 வாட். ஒற்றை டிரான்சிஸ்டருக்குத் தாங்காது. நான் இரண்டாகப் போட்டு, எமிட்டர் காலில் ஆளுக்கொரு 0.22 ஓம் ரெசிஸ்டர் கொடுத்து, பாரத்தைப் பங்கு பிரித்தேன்.

உண்மையான மறுகால் அதே போர்டில் ஒரு மூலையில் இருக்கிறது. மைனஸ் பக்கத்து 5.6 வோல்ட்டைத் தரும் ஜீனர் டயோடு! ரெசிஸ்டர் வழியாக வருவதில் மிச்சத்தைத் தன் வழியாகக் கீழே விட்டு, மட்டத்தை 5.6-இல் நிறுத்துவது அதுதான். ‘ஷன்ட் ரெகுலேட்டர்’ என்பதற்கு மறுகாலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வழியைக் குறுக்கும் அந்தப் பெரிய டிரான்சிஸ்டரை (‘சீரீஸ் டிரான்சிஸ்டர்’) மடை என்றால் பொருந்தும். மடையன் என்று மட்டும் யாரும் நீட்டிவிட வேண்டாம்.

கரண்ட் லிமிட்டுக்கு என் ஓட்டு: ஓட்ட மட்டு. ‘ஒரு மட்டுக்கு மேல போகாது’ என்று வீட்டில் தினமும் சொல்கிறோம். வரம்பு என்றாலே மீறுவதும் தண்டனையும் கூடவே வருகின்றன. மட்டில் அந்தத் தொல்லை இல்லை. வோல்ட்டேஜ் திருகிக்கு ‘அழுத்த மட்டு’ என்று ஜோடியும் கிடைக்கிறது. எந்த மட்டை முதலில் தொடுகிறதோ அதில் நிற்கும். கிட்டிலேயே இருக்கும் சிவப்பு அடையாள விளக்கு எரிந்தால் ‘ஓட்ட மட்டில் நிற்கிறது’. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது ‘மட்டு மாறல்’.

முன்பலகையில் சீட்டு ஒட்டியாயிற்று. அண்ணாச்சி மறுத்தால் கிழிக்கவேண்டும், பசை நல்ல பசை.

——

தம்பிக்கு,

ஜீனர்தான் மறுகால் என்பதை ஒப்புக்கொண்டேன். நான் குளத்துக்கரையில் நின்று யோசித்தேன், நீர் போர்டில் நின்று யோசித்திருக்கிறீர். ஒரு குறை: பழைய தமிழில் மட்டு என்றால் கள். ‘ஓட்ட மட்டு ஏறிவிட்டது’ என்று எவனாவது எழுதினால் நான் பொறுப்பில்லை. ‘மட்டு மாறல்’ எனக்கு ஒட்டவில்லை, ‘மட்டுத் தாவல்’ என்று போடலாமா? அது படிப்படியாக நடப்பதில்லையே, சட்டென்று தாவுகிறது. மற்றபடி சீட்டைக் கிழிக்கவேண்டாம்.