ஆட்டோகேட் விற்கும் கம்பெனி டிவியன்ட்ஆர்ட்டில் ஏன் காசு போட்டது?

கரிக்கட்டை எழுதியது:

வணக்கம். கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படித்த நாட்களில், 2009 வாக்கில், டிவியன்ட்ஆர்ட் என்ற ஓவியத் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி என் பென்சில் ஓவியங்களை ஸ்கேன் செய்து போட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போன பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போன வாரம் வேறு எதையோ தேடப்போய், 2013 டிசம்பரில் ஆட்டோடெஸ்க் அந்தத் தளத்தில் 1 கோடி டாலர் முதலீடு செய்தது என்ற பழைய செய்தி கண்ணில் பட்டது.

எனக்குத் தெரிந்த ஆட்டோடெஸ்க் என்றால் ஆட்டோகேட்தான். எங்கள் அலுவலகத்தில் சிவில் ஆட்கள் வீட்டு பிளான் போடுவார்களே, அது. அவர்களுக்கும் அங்கே பெரிய பெரிய அனிமே கண்களாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கும் என்ன சம்பந்தம்? இப்படிக் காசு போடுவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அப்புறம், அங்கே படம் போட்டு வைத்திருக்கும் ஆட்களுக்கு அதனால் நல்லதா கெட்டதா? என் படங்கள் யாருக்காவது சொந்தமாகிவிட்டதா என்றுகூட ஒரு பயம் இருக்கிறது.

ரெண்டர்_ராத்திரி எழுதியது:

சிவில் ஆட்களின் கம்பெனி என்பது பாதிதான் உண்மை. 3டிஎஸ் மேக்ஸ் என்ற 3டி மென்பொருள் அவர்களுடையது. 2006இல் ஏலியஸ் கம்பெனியை வாங்கியபோது மாயா என்ற இன்னொரு 3டி மென்பொருள் அவர்கள் கைக்கு வந்தது, கூடவே ஸ்கெட்ச்புக் என்ற வரையும் மென்பொருளும் வந்தது. 2007இல் மட்பாக்ஸ், 2008இல் சாஃப்ட்இமேஜ், இவையும் 3டி மென்பொருள்கள்தான். சினிமாவுக்கோ கேமுக்கோ 3டி செய்கிறவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்டோடெஸ்குக்குத்தான் கப்பம் கட்ட வேண்டும் என்ற நிலைமை அப்படித்தான் வந்தது. நானும் பல வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது. 2011இல் பிக்ஸ்லரை வாங்கினார்கள், அதே வருடம் இன்ஸ்ட்ரக்டபிள்ஸை வாங்கினார்கள், 2013இல் டிங்கர்கேட். இவை எல்லாமே பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் புழங்கும் இடங்கள். கணக்கு சுலபம். இன்று ஸ்கெட்ச்புக்கில் கிறுக்குகிற 15 வயதுப் பையன் பத்து வருடம் கழித்து ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து எந்த மென்பொருள் வேண்டும் என்று சொல்லப்போகிறவன். அந்தப் பையன்கள் அன்றைக்கு மொத்தமாகக் கூடியிருந்த இடம் டிவியன்ட்ஆர்ட்.

2013 என்ற வருடத்தையும் கவனியுங்கள். 2012 டிசம்பரில் போட்டோஷாப் விற்கும் அடோபி, டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தை வாங்கியது, ஐந்தே மாதத்தில், 2013 மே மாதம், இனி புதிய பதிப்பு எல்லாம் சந்தாவுக்குத்தான் என்று அறிவித்தது. ஆட்டோடெஸ்கும் அதே வழியில் போய் 2016இல் பெரும்பாலான மென்பொருள்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. பெட்டியில் போட்டு விற்ற காலத்தில் வாங்கியவன் அதற்குப் பிறகு அதைத் திறந்தானா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. வாடகைக்கு விட்ட பிறகு குடித்தனக்காரன் காலி செய்துவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே. அவன் தினமும் வந்து உட்காரும் திண்ணை உங்கள் பெயரில் இருந்தால் நல்லதுதானே.

இன்னொன்று, அது முதலீடுதான், முழுசாக வாங்கவில்லை. ஆட்டோடெஸ்கின் ஆண்டு வருமானம் அப்போதே 200 கோடி டாலருக்கு மேல். 1 கோடி என்பது அவர்களுக்கு டீக்காசு.

பழைய_பச்சை எழுதியது:

நான் 2004லிருந்து அங்கே இருந்தவள் என்பதால் உள்ளேயிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று, அந்தத் தளம் ஓவியத்துக்காகவே தொடங்கியது இல்லை. 2000 ஆகஸ்டில் அது ஆரம்பித்தபோது பெரும்பாலும் பாட்டு கேட்கும் வின்ஆம்ப் மாதிரி மென்பொருள்களுக்குத் தோல் மாற்றுகிற, அதாவது ஸ்கின் செய்கிற ஆட்களின் கூட்டம். டெஸ்க்டாப் வால்பேப்பர், ஐகான் எல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், கவிதை எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்புறம் வந்து சேர்ந்தவர்கள். மென்பொருளை நோண்டுகிறவர்கள் கட்டிய வீட்டுக்கு மென்பொருள் கம்பெனி முதலீட்டாளராக வந்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஆட்டோடெஸ்க் காசு வந்தபோது நாங்கள் பயந்தோம். நான் வரைந்தது ஸ்கெட்ச்புக்கில், அதனால் எனக்கு லேசாக சந்தோஷமும்தான். ஆனால் மூன்றே மாதத்தில், 2014 மார்ச்சில், அவர்கள் சாஃப்ட்இமேஜை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். வாங்கி ஆறு வருடம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அதிலேயே பிழைப்பு நடத்தியவர்கள், அன்று அவர்கள் போட்ட பதிவுகளைப் படித்துவிட்டு எனக்கு ஸ்கெட்ச்புக்கைத் திறக்கவே மனம் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பெரிதாக நடந்தது என்று பார்த்தால், 2014 டிசம்பரில் லோகோவை மாற்றினார்கள். பழைய லோகோவுக்காக அழுத அழுகை இருக்கிறதே, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மற்றபடி என் கண்ணுக்குத் தெரிந்து எங்கள் அன்றாடத்தில் ஒன்றும் மாறவில்லை.

மாறியது அடுத்த கை மாறியபோதுதான். 2017 பிப்ரவரியில் விக்ஸ், வெப்சைட் கட்டித் தரும் இஸ்ரேல் கம்பெனி, தளத்தை முழுசாக 3.6 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது 4 கோடிக்கு மேல் உறுப்பினர்கள், 32 கோடிக்கு மேல் படைப்புகள். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒரு டாலர்கூடத் தேறவில்லை. பிஹான்ஸுக்கு அடோபி 15 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாக அப்போது பத்திரிகைகள் எழுதின, அங்கே இருந்ததோ 10 லட்சம் பேர் சொச்சம். அவர்கள் தலைக்கு 150 டாலர், நாங்கள் தலைக்கு 90 சென்ட். ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் டிசைனர்கள், மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். நாங்கள் ஃபேன் ஆர்ட் வரைந்து ஒருவருக்கொருவர் லாமா பேட்ஜ் என்று சும்மா ஒரு பரிசுச் சின்னம் கொடுத்துக்கொண்டிருந்த கூட்டம். படத்துக்கு விலை போடவே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

2020 மே மாதம் எக்லிப்ஸ் என்ற புதிய வடிவத்தைக் கட்டாயமாக்கினார்கள். பழைய பச்சை நிறத் தோற்றம் போயிற்று, நானும் போய்விட்டேன். கோபித்துக்கொண்டு போனது நான் மட்டும் இல்லை.

நிப்பு எழுதியது:

எல்லோரும் ஒப்பாரி வைத்தால் எப்படி? மறுபக்கமும் சொல்கிறேன். நான் ஆர்ட்ஸ்டேஷன் என்ற இன்னோர் ஓவியத் தளத்தில் பிரஷ்ஷும் டெக்ஸ்சரும் விற்கிறேன். 2021 ஏப்ரல் கடைசியில் எபிக் கேம்ஸ், அன்ரியல் எஞ்சின் கம்பெனிதான், ஆர்ட்ஸ்டேஷனை வாங்கியது. வாங்கியவுடன் செய்த முதல் வேலை, எங்கள் விற்பனையில் எடுத்துக்கொண்டிருந்த 30 சதவீதத்தை 12 ஆகக் குறைத்தது. 100 ரூபாய்க்கு விற்றால் 70 வந்த இடத்தில் 88 வர ஆரம்பித்தது. எந்த ஓவியர் சங்கம் போராடி இதை வாங்கிக் கொடுத்திருக்கும்? அவர்கள் தர்மத்துக்குச் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும். கேம் எஞ்சின் விற்கிறவனுக்கு அதில் போடச் சரக்கு செய்கிறவன் வேண்டும், அவ்வளவுதான். அவன் லாபத்தில் நமக்கும் கொஞ்சம் சிந்தினால் வேண்டாம் என்றா சொல்வோம்?

ரெண்டர்_ராத்திரி எழுதியது:

நிப்பு சொல்வது சரி, எனக்கும் அந்த 12 சதவீதம் உதவியது. ஆனால் அதே எபிக் 2022 மார்ச்சில் பேண்ட்கேம்ப் இசைத் தளத்தை வாங்கி, 2023 செப்டம்பரில் 800க்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிய அதே நாளில் அதையும் விற்பதாக அறிவித்தது. ஒன்றரை வருடம். இசைக்காரர்கள் என்ன தப்பு செய்தார்கள்? ஒன்றுமில்லை, தலைமை அலுவலகத்தில் கணக்கு உதைத்தது. ஆட்டோடெஸ்கும் அப்படித்தான், பிக்ஸ்லரை 2017இல் விற்றார்கள், ஸ்கெட்ச்புக்கை 2018இல் இலவசமாக்கி 2021இல் தனிக் கம்பெனியாகப் பிரித்து விட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த முதலீடு எந்த எண்ணத்தில் வந்ததோ அந்த எண்ணம் கைவிடப்பட்டால், அதில் குடியிருந்த நமக்கு யாரும் முன்கூட்டியே சொல்லப்போவதில்லை.

மைக்கூடு எழுதியது:

நான் வக்கீல் இல்லை, ஆனால் விதிமுறைகளை உட்கார்ந்து படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. கரிக்கட்டை, உங்கள் பயத்துக்கு வருகிறேன். காப்புரிமை உங்களிடமேதான் இருக்கிறது. முதலீடு வந்தாலும் கம்பெனி கைமாறினாலும் அது போகாது. நீங்கள் தளத்துக்குக் கொடுத்திருப்பது படத்தைக் காட்டவும், சின்னதாக்கி முகப்பில் வைக்கவும், தன் சர்வரில் நகல் வைத்துக்கொள்ளவும் ஓர் அனுமதி. தளம் கைமாறும்போது அந்த அனுமதியும் சேர்ந்தே போகும், அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

உண்மையான சிக்கல் வந்தது வேறு பக்கத்திலிருந்து. 2022 நவம்பரில் டிவியன்ட்ஆர்ட் ட்ரீம்அப் என்ற ஏஐ படக் கருவியை வெளியிட்டது. ஸ்டெபிலிட்டி ஏஐ கம்பெனியின் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் ஏஐ மேல் கட்டியது. கூடவே, என் படத்தை ஏஐ பயிற்சிக்கு எடுக்காதே என்று சொல்ல ஒரு டேக் கொடுத்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தாங்களே போய் அதை வைக்க வேண்டும். ஆயிரம் படம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? இறந்துபோனவர்களின் கணக்குகள் என்ன ஆகும்? அன்றே பெரிய கூச்சல், உடனே பின்வாங்கி எல்லாப் படங்களுக்கும் தானாகவே அந்த டேக் இருக்கும் என்று மாற்றினார்கள். ஆனால் அது ஒரு வேண்டுகோள் பலகை, பூட்டு இல்லை. வெளியிலிருந்து வந்து அள்ளுகிறவன் மதித்தால் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் பழகிய படக் குவியலில் டிவியன்ட்ஆர்ட்டிலிருந்து அள்ளியவையும் ஏற்கெனவே இருந்தன.

2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜர்னி ஆகிய ஏஐ படக் கம்பெனிகளோடு டிவியன்ட்ஆர்ட்டும் எதிர்த்தரப்பு. ஓவியர்களால் வளர்ந்த தளத்தை ஓவியர்களே கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பல குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாயின, ஆனால் காப்புரிமை மீறல் என்ற பகுதியை மேலே நடத்தலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி சொன்னார்.

நிப்பு, உங்கள் ஆர்ட்ஸ்டேஷனிலும் 2022 டிசம்பரில் முகப்பு முழுக்க ஏஐ எதிர்ப்புப் படமாக நிறைந்ததே, மறந்துவிட்டதா?

நிப்பு எழுதியது:

மறக்கவில்லை, நானும் போட்டேன். மறுநாள் காலை என் புதிய பிரஷ் செட்டையும் அதே கணக்கில் போட்டேன். கரண்ட் பில் கட்ட வேண்டுமே.

பழைய_பச்சை எழுதியது:

கரிக்கட்டை, தத்துவம் எல்லாம் இருக்கட்டும், உங்கள் படங்களை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் போய் எடுங்கள். நான் கோபத்தில் கணக்கை அழித்துவிட்டுத்தான் வந்தேன், பதினாறு வருடத்துப் பின்னூட்டங்களும் சேர்ந்து போய்விட்டன. படங்கள் என்னிடம் இருக்கின்றன, அதற்குக் கீழே ஊர் பேர் தெரியாத மனிதர்கள் எழுதியவை இல்லை. எனக்கு இப்போது வேண்டியது அதுதான்.

கரிக்கட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிவில் ஆட்களைத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. தலைக்கு 90 சென்ட் என்று படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது, உண்மையைச் சொன்னால் என் அன்றைய படங்களுக்கு அது நியாயமான விலைதான்.

பச்சை அக்கா சொன்னதும் நேற்று ராத்திரியே போய்ப் பார்த்தேன். கணக்குக்குள் நுழைய முடியவில்லை, கல்லூரி கொடுத்த ஈமெயிலில் தொடங்கியது, அந்த முகவரி எப்போதோ செத்துவிட்டது. ஆனால் பக்கம் அப்படியே திறந்துதான் இருக்கிறது, 41 படங்களும் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேமித்துவிட்டேன். மூலப் பிரதிகள் வீட்டுப் பரணில் கரையான் தின்றுபோனதால் இப்போது இருப்பது இவைதான். கீழே இருந்த பின்னூட்டங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஒருவர் 2010இல் ஒரு படத்துக்குக் கீழே, இடது கையில் ஆறு விரல் இருக்கிறது என்று எழுதியிருந்தார், நான் பதிலே போடவில்லை. எண்ணிப் பார்த்தேன், ஆறுதான்.

மைக்கூடு எழுதியது:

ஏஐக்கு முன்பே ஆறு விரல் வரைந்த முன்னோடி நீங்கள். கணக்குப் பெயரைச் சொல்லுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.

கரிக்கட்டை எழுதியது:

'டார்க்' என்று ஆரம்பித்து 'ஏஞ்சல்' என்று முடியும், நடுவில் நான்கு எண்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.