பி.காம். இரண்டாம் ஆண்டு: மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு இப்போதே என்ன படிக்கலாம்?

மலர்_ஈரோடு:
டிகிரி முடிச்சதும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரணும். கிளாட் பிஜி நுழைவுத்தேர்வுக்கு கோச்சிங் போகச் சொல்றாங்க. அது வேணுமா? இருக்கிற ஒன்றரை வருஷத்துல எதைப் படிக்கலாம்? விவரம் தெரிஞ்ச அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க.

வாய்தா:
கோச்சிங்குக்குப் பணம் கட்டிடாதம்மா. கிளாட் பிஜி, எல்.எல்.பி. முடிச்சவங்க எல்.எல்.எம். (சட்ட மேற்படிப்பு) சேர்றதுக்கு, கிளாட் யுஜி ப்ளஸ் டூ முடிச்சவங்களோட ஐந்தாண்டுப் படிப்புக்கு. ரெண்டும் உனக்கு இல்லை.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகள்ல மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வே கிடையாது. டிகிரி மார்க்கும் இடஒதுக்கீடும்தான். பார் கவுன்சில் (வக்கீல்களுக்கான அமைப்பு) விதிப்படி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம் போதும். ஆனா அது விண்ணப்பம் போடத்தான். சீட் கிடைக்கிற கட்-ஆஃப் வேற. சென்னை சீர்மிகு சட்டப் பள்ளியோட ஹானர்ஸ் எல்.எல்.பி.க்குத் தகுதி மார்க்கே இன்னும் அதிகம். அதனால அரியர் வைக்காதே. சேர்க்கை நேரத்துல ஒரு பேப்பர் நின்னாலும் அந்த வருஷம் போச்சு.

வெளியே போகணும்னா ரெண்டு தேர்வு. டெல்லி பல்கலைக்கழகத்துக்கு சியுஇடி பிஜி: 75 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 2022ல மூன்றாண்டுப் படிப்பு தொடங்குச்சு, அதுக்கு என்எல்சாட். கடைசி வருஷம் படிக்கும்போதே ரெண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கறுப்புக்கோட்டு:
என்எல்சாட்டில் 150 மதிப்பெண், 150 நிமிடம். பாதி மதிப்பெண் கொள்குறி வினாவுக்கு, மீதிப் பாதி எழுதும் விடைக்கு. பலர் சறுக்குவது இரண்டாம் பாதியில். கோச்சிங் குறிப்பை மனப்பாடம் செய்து எழுதினால், கேட்ட கேள்விக்கு விடை வராது.

இதற்கான பயிற்சி உங்கள் வணிகச் சட்டப் பாடத்திலேயே இருக்கிறது. லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் (1913, அலகாபாத் உயர் நீதிமன்றம்) தீர்ப்பை எடுங்கள், சில பக்கம்தான். காணாமல் போன பையனைத் தேட முதலாளி தன் பணியாளரை அனுப்புகிறார். பிறகு 501 ரூபாய் பரிசு அறிவிக்கிறார். அறிவிப்பு தெரியாமலே பணியாளர் பையனைக் கண்டுபிடித்துவிட்டு, பின்னால் பரிசு கேட்கிறார். கிடைக்கவில்லை.

படித்ததும் நான்கு விஷயம் எழுதுங்கள்: நடந்தது என்ன, தீர்க்க வேண்டிய கேள்வி எது, முடிவு என்ன, ஏன். 'ஏன்' மட்டும் உங்கள் சொந்தச் சொற்களில், 150 சொல்லுக்குள். "பாவம், ஏழை" என்று எழுதினால் அது காரணம் ஆகாது. தெரியாத முன்மொழிவை ஒருவர் ஏற்க முடியாது. தேடுவது ஏற்கெனவே அவர் கடமை. இவைதான் காரணம். அடுத்து, அறிவிப்பு அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் முடிவு மாறுமா என்று எழுதிப் பாருங்கள். வாரம் ஒரு தீர்ப்பு போதும், ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தேர்வு ஆங்கிலத்தில்தான்.

வாய்தா:
பழைய புத்தகக் கடையில குற்றவியல் சட்டப் புத்தகம் வாங்காதே. 2024 ஜூலை 1லிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. கொலைக்கான தண்டனை, பழைய பிரிவு 302, இப்போ 103. மோசடி 420 இப்போ 318. அரசியலமைப்புக்கு விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் பிரதி வாங்கிக்கோ, கைடு வேண்டாம்.

மலர்_ஈரோடு:
நன்றிண்ணா. தபால் வழியில பி.ஜி.எல். (பொதுச் சட்டப் பட்டம்) முடிச்சா வக்கீல் ஆகலாமா?

கறுப்புக்கோட்டு:
முடியாது. அது சட்டத்தைப் பொதுவாகத் தெரிந்துகொள்வதற்கான பட்டம். அதை வைத்து பார் கவுன்சிலில் பதிவு செய்ய இயலாது. நேரடி வகுப்பில், 70 சதவீத வருகையோடு எல்.எல்.பி. முடித்திருக்க வேண்டும். அதனால் முழுநேர வேலையோடு சேர்த்துத் திட்டமிடாதீர்கள்.