பெட்டி நிறையப் பொம்மை கட்டுகிறவர்களுக்கு

சின்னம்மா மகள் இந்த மாதக் கடைசியில் இங்கிலாந்து கிளம்புகிறாள். மாப்பிள்ளை ஆறு மாதம் முன்பே போய்விட்டார். ஆறு வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு இவள் இப்போது போய்ச் சேரப் போகிறாள். லீவுக்குக் கோபிசெட்டிபாளையம் வந்திருந்த என்னைப் பெட்டி கட்டுவதைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். 23 கிலோ பெட்டி ஒன்றைத் திறந்தால் உள்ளே முழுக்கப் பொம்மை. கோயமுத்தூர் போய் வாங்கிய புதுப் பொம்மைகள், அட்டைப்பெட்டியோடு.

"அங்க எல்லாமே ஆனை வெலையாமாங்ணா. பொறந்தநாளு வந்தா என்ன பண்றது?"

பிள்ளைகளுக்கு அங்கேயே பழசாக வாங்குவது எப்படி என்று அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெருந்துறை, திருப்பூர் பக்கமிருந்து புதிதாக வந்திருக்கும் சிலரும் இதையே கேட்டிருந்தார்கள். நான் ஒன்பது வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் கடைப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், சங்கதி ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் அந்தப் பொம்மைகளை இறக்கி வையுங்கள். அங்கே ஒவ்வொரு கடைவீதியிலும் சாரிட்டி ஷாப் இருக்கும். ஆக்ஸ்ஃபாம், பர்னார்டோஸ், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்று பலகை பார்த்தால் உள்ளே நுழையுங்கள். மக்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போனதை விற்று, வரும் பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடுகிறார்கள். ஒரு பவுண்டுக்கும் இரண்டு பவுண்டுக்கும் கதைப் புத்தகம், பலகை விளையாட்டு, மரப் பொம்மை எல்லாம் கிடைக்கும். கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரியில் போனால் பிரிக்காத பெட்டியே அகப்படும். போன உடனே எல்லா விலையையும் ரூபாயாக்க நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி நம் எல்லோருக்கும் வரும். அந்த வியாதிக்கு இந்தக் கடைதான் மருந்து.

அப்புறம் கார் பூட் சேல். வசந்த காலம் தொடங்கிக் குளிர் வரும் வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு புல்வெளியில் நடக்கும். காரின் பின்கதவைத் திறந்து வைத்து அவரவர் வீட்டுப் பழைய சாமானை விற்பார்கள். நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, புளியம்பட்டிச் சந்தைதான், மாடு மட்டும் இல்லை. சாரிட்டி ஷாப்பில் பேரம் பேசுவது நன்றாக இருக்காது. இங்கே தாராளமாகப் பேசலாம். நல்ல பொருள் வேண்டுமென்றால் விடிந்ததும் போங்கள். விலை மலிவாக வேண்டுமென்றால் முடியும் நேரத்துக்குப் போங்கள். திரும்ப வண்டியில் ஏற்றச் சோம்பல்பட்டுக் கேட்ட விலைக்குத் தந்துவிடுவார்கள்.

வீட்டில் இருந்தபடியே வாங்க, பழைய சாமானை மக்களே விற்கும் வின்டெட், ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ் என்ற இணையச் சந்தைகள் இருக்கின்றன. பெரிய சாமான்களுக்கு மார்க்கெட்ப்ளேஸ் மேல். பக்கத்துத் தெருவில் போய் நேரில் பார்த்து எடுத்து வந்துவிடலாம். நான் 40 பவுண்டுக்கு எடுத்த 16 அங்குலச் சைக்கிளை மகள் ஒன்றரை வருடம் ஓட்டினாள். அவளுக்குக் கால் நீண்ட பிறகு அதே இடத்தில் 35 பவுண்டுக்குப் போட்டேன், இரண்டே நாளில் போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்த சின்னம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏஞ்சாமி, அடுத்தவன் வூட்டுப் பழசையா நம்ம புள்ளைக்குக் குடுக்கறது? ஊருல கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

"நான் பொறந்தப்ப என்னை எதுலீங் சுத்துனீங்க?" என்றேன். அப்புச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) பழைய வேட்டியில்தான். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் மெத்தென்று இருக்கும் என்று கிழித்துத் துவைத்து வைக்கிற ஊர் நம்முடையது. பெரியப்பா மகன் போட்ட டவுசரைப் போட்டுத்தான் நானும் பள்ளிக்கூடம் போனேன். அந்தியூர்ச் சந்தையில் அப்புச்சி மாடு பிடிக்கும்போது அது எத்தனை கை மாறியது என்று கூச்சப்பட்டதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். பொம்மைக்கும் அதே வேலைதான்.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், முதலில் பேட்டரி. பொத்தான் அளவு வட்டப் பேட்டரி போடுகிற பொம்மையாக இருந்தால், மூடி திருகாணி போட்டு இறுகியிருக்க வேண்டும். மூடி ஆடினாலோ டேப் ஒட்டியிருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். கழன்று வரும் சிறு காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். ரொம்பப் பழைய, பெயிண்ட் உரிந்த பொம்மையில் ஈயம் இருக்கக்கூடும், அழகாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். பாதுகாப்பு விதிப்படி செய்தது என்று சொல்லும் சிஇ (CE) அல்லது யுகேசிஏ (UKCA) முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

லெகோ என்ற பிளாஸ்டிக் கட்டைகள் கிடைத்தால் விடாதீர்கள். 1958 முதல் செய்த கட்டைகள் இன்றைய கட்டைகளோடு பொருந்தும், அதனால் பழசு என்ற பேச்சே கிடையாது. 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தினால் போதும். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா மட்டும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நூறு துண்டில் மூன்று குறைந்து, பிறந்தநாள் அன்று சாயங்காலம் என் மகள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

இரண்டு பொருளைப் பழசாக வாங்கவே கூடாது. ஒன்று காருக்குள் பிள்ளையை உட்கார வைக்கும் கார் சீட். அங்கே 12 வயது வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை அது சட்டப்படி வேண்டும். இன்னொன்று சைக்கிள் ஹெல்மெட். ஒரு தடவை அடிபட்டிருந்தால் உள்ளே நசுங்கியது வெளியே தெரியாது. விற்கிறவர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கும் தெரியாது. சொந்த அக்கா கொடுத்து, விபத்தே இல்லை என்று உங்களுக்கே தெரிந்தால் அது வேறு.

துணி விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுவேன். குழந்தைகளின் துணிக்கு அங்கே வாட் வரி கிடையாது, பொம்மைக்கு 20 சதவீதம் உண்டு. அதனால் பனியன், பேன்ட் எல்லாம் புதிதாகவே மலிவு. குளிர் கோட்டு, மழை பூட்ஸ் போன்றவற்றைப் பழசாகத் தேடுங்கள், மிச்சம் அதில்தான். ஒருமுறை சாரிட்டி ஷாப்பில் ஒரு பவுண்டுக்கு எடுத்த சட்டையைத் திருப்பினால் 'மேட் இன் இந்தியா'. எந்த ஊர் என்று அதில் போட்டிருக்கவில்லை. ஆனாலும் திருப்பூர்க்காரி என் மனைவி தையலைத் தடவிப் பார்த்து, இது எங்க ஊருதான் என்று சத்தியம் பண்ணினாள். தீபாவளிக்கு மட்டும் எங்கள் வீட்டிலும் புதுத்துணிதான். அதில் யாரோடும் வாதாட மாட்டேன்.

அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் சிக்கல். வகுப்பில் 30 பிள்ளைகள், பிறந்தநாள் என்றால் மொத்த வகுப்பையும் கூப்பிடுவார்கள். மகளுக்கு முதல் வருடம் மட்டும் 18 அழைப்பு. ஆளுக்குப் பத்து பவுண்டு என்றால் 180 பவுண்டு. இதற்கு நான் பழசு கொடுப்பதில்லை, புத்தகம் மட்டும் விதிவிலக்கு; முனை மடங்காமல், பெயர் எழுதாமல் இருந்தால் கொடுப்பேன். மற்றதெல்லாம் ஜனவரித் தள்ளுபடியில் வாங்கி அலமாரியில் அடுக்கியது. நம் பிள்ளைக்கு இரட்டையாக வந்த பரிசையும் கைமாற்றிவிடலாம், ஆனால் யார் கொடுத்தது என்று மொய் நோட்டு மாதிரி எழுதி வையுங்கள். எழுதாமல் விட்ட நான் ஒரு பையன் கொடுத்த வண்ணப்பெட்டியை அடுத்த வருடம் அவனுக்கே கொடுத்தேன். உள்ளே அவன் அம்மா எழுதிய வாழ்த்துச் சீட்டு அப்படியே இருந்தது. அந்த அம்மா இன்று வரை என்னைப் பார்த்தால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

உங்கள் பிள்ளையிடம் இது பழசு என்பதை மறைக்காதீர்கள். மூன்று வயதுப் பையனுக்கு வண்டி ஓடினால் போதும். ஆறு வயதுக்காரி கேட்பாள். "வேறொரு அக்கா விளையாடியது, இப்போது உன் முறை" என்று சொல்லிவிடுங்கள். விலை உயர்ந்ததைக் கொடுக்க முடியவில்லையே என்று அவள் முன்னால் நீங்கள் முனகினால்தான் அது அவளுக்குக் குறையாகப் படும்.

பள்ளிச் சீருடையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தில் பழைய சீருடை கிடைக்க வழி செய்து வைக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கு 2021 முதல் அரசு வழிகாட்டுதல் இருக்கிறது. அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெட்டிக்கு வருகிறேன். பொம்மையை எடுத்ததும் சின்னம்மா ஊத்துக்குளி நெய்யை வைக்கப் பார்த்தார். பால் பொருளை அங்கே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அதையும் இறக்கியாயிற்று. இரண்டு சென்னிமலைப் போர்வை, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, பெண் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட ஒற்றைக் கண் துணி யானை. அதுவும் அவள் பெரியம்மா மகனிடமிருந்து வந்ததுதான். தராசில் 21 கிலோ காட்டியது. மீதி இரண்டு கிலோவுக்குச் சின்னம்மா கொள்ளுப்பொடி இடித்துக்கொண்டிருக்கிறார்.