சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேட்டது தவறா?

கேள்வி:
தேனிப் பக்கம் ஒரு சிறிய இணைய நிறுவனத்தில் தொலைபேசி எடுப்பது என் வேலை. நேற்று ஒரு பெரியவர், "நெட் வரவில்லை தம்பி" என்றார். "பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா ஐயா?" "இல்லை." ஃபைபர் (வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் வயர்) அறுந்தால் அந்த விளக்கு எரியும்; அப்படியானால் அது அறுந்திருக்காது என்று நினைத்து, அணைத்துப் போடச் சொன்னேன். மூன்று முறையும் "போட்டுவிட்டேன்" என்றார். கடைசியில்தான், "காலையிலிருந்து தெருவிலேயே கரண்ட் இல்லை" என்றார்! உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பதில் 1:
ஓர் அம்மா, வயர் தொங்குவது அசிங்கம் என்று ஃபைபரை இறுக்கமாகச் சுற்றி ஆணியில் முடிச்சே போட்டுவிட்டார். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. இப்படி மடித்தால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். "கண்ணாடியையா சுவரில் அடித்தீர்கள்?" என்று என்னையே திட்டினார்.

பதில் 2:
எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வைஃபை தடுமாறும். போய்ப் பார்த்தால், ரூட்டர் மைக்ரோவேவ் அடுப்பின் தலைமேல்! இரண்டுக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை; அடுப்பு ஓடும்போது வைஃபை அலை குழம்பிவிடும். "சூடாக இருந்தால் வேகமாக வரும் என்று நினைத்தேன்" என்றார்.

கேட்டவர்:
பெரியவர் இப்போது மறுபடி அழைத்தார். "கரண்ட் வந்துவிட்டது, ரொம்ப நன்றி தம்பி" என்றார். நானும் "பரவாயில்லை ஐயா" என்றேன்.