பாண்டி பஜார் யார் பெயர்?

அண்ணன்: ஞாயிறு காலை பாண்டி பஜார் போகிறோம். பாண்டிச்சேரிக்காரர்கள் கடை போட்டதால் வந்த பெயரா என்று பாப்பா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

பெரியப்பா: இல்லை தம்பி, குழந்தையிடம் திருத்திச் சொல்லிவிடு. அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர். பட்டிவீரன்பட்டிக்காரர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். கடைவீதியின் முழுப்பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பேச்சு வழக்கில் பாண்டி மட்டும் நின்றுவிட்டது.

அத்தை: இத்தனை வருடமும் நான் புதுச்சேரி என்றே நினைத்திருந்தேன் அண்ணா!

பெரியப்பா: சாலைக்குப் பெயர் தியாகராய சாலை. பிட்டி தியாகராயர் பெயர்தான் தி.நகருக்கும். பனகல் பூங்காவின் பனகல் அரசர், உஸ்மான் சாலையின் முகமது உஸ்மான், டாக்டர் நாயர் சாலையின் டி.எம். நாயர், எல்லோருமே நீதிக்கட்சித் தலைவர்கள். அந்தக் கட்சி ஆட்சியில் இருந்த 1920-களில்தான் தி.நகர் உருவானது.

நான்: அதற்கு முன் அங்கே என்ன இருந்தது பெரியப்பா?

பெரியப்பா: ஏரி அம்மா. மாம்பலம் ஏரி. நுங்கம்பாக்கம் ஏரியோடு சேர்ந்து நீளமாகக் கிடந்ததாம். அதைத் தூர்த்துத்தான் மனை பிரித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறதே, பார்த்திருப்பாய். மழைக்காலத்தில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏரிதான் நினைவுக்கு வரும்.

அத்தை: எனக்கு பாண்டி பஜார் என்றால் நடைபாதைக் கடைகள்தான். வளையல், பொட்டு, ஹேர் கிளிப், நைட்டி... பேரம் பேசாமல் எதையும் வாங்கியதே இல்லை. 2013-இல் அவர்களை எல்லாம் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் 2019-இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். என் முழங்காலுக்கு அது பெரிய உதவி, நின்று நிதானமாக நடக்கலாம். ஆனால் போகிற வருகிறவர்களை நம்பிப் பிழைத்தவர்கள் அவர்கள். நடந்து போகிறவர் மாடி ஏறி வந்து கிளிப் வாங்குவாரா? அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

சித்தப்பா: உண்மைதான் அக்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்பார்களே, அந்தச் சத்தமே தனி.

அண்ணன்: பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏரி எங்கே இருந்தது என்று தாத்தா வந்து காட்ட வேண்டுமாம்.

பெரியப்பா: வருகிறேன். 10 மணிக்குப் பனகல் பூங்கா வாசல்.

அத்தை: நானும் வருகிறேன். முதலில் அந்த வளாகத்துக்குப் போவோம். பாப்பாவுக்கு வளையல் அங்கேதான் வாங்க வேண்டும்.