ஜகார்த்தா ஏபிஐ சேர்த்தும் எக்ஸ்ஜேசி பழைய ஜாவாக்ஸ் இம்போர்ட்டையே எழுதுகிறது

கேள்வி:
ஸ்பிரிங் பூட் 3, ஜாவா 17, பில்டுக்கு கிரேடில். எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் அமைப்பை விவரிக்கும்) கோப்புகளிலிருந்து ஜாவா கிளாஸ்களை உருவாக்க, ஆன்ட் என்ற பழைய பில்ட் கருவி வழியாக எக்ஸ்ஜேசி டாஸ்க்கை ஓட்டுகிறேன். கிரேடிலின் இம்ப்ளிமென்டேஷன் பட்டியலில் ஜகார்த்தா எக்ஸ்எம்எல் பைண்ட் ஏபிஐ 4.0 (முன்பு ஜாவாக்ஸ் என்ற பெயரில் இருந்தது) இருக்கிறது. ஆனாலும் உருவாகும் கோப்புகளின் தலையில் ‘இம்போர்ட் ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்’தான். அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்று கம்பைலர் நிற்கிறது. கையால் மாற்றினால் அடுத்த பில்டில் மறுபடி வந்துவிடுகிறது.

பதில் 1:
இம்ப்ளிமென்டேஷன் என்பது உங்கள் கோடு கம்பைல் ஆவதற்கான கிளாஸ்பாத். எக்ஸ்ஜேசி அதை எட்டிக்கூடப் பார்க்காது. ஆன்ட் டாஸ்க்கை அறிவிக்கும் டாஸ்க்டெஃப் வரியில் கிளாஸ்பாத்துக்கு எந்த கான்ஃபிகரேஷனை (ஜார்களின் பட்டியலை) கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ‘ஜாக்ஸ்பி’ என்ற பெயரில் தனியாக ஒன்று இருக்கும். அதில் ஜாக்ஸ்பி-எக்ஸ்ஜேசி 2.3 கிடந்தால் ஜாவாக்ஸ்தான் வரும், 3.0 முதல் ஜகார்த்தா. ஜாக்ஸ்பி-எக்ஸ்ஜேசி, ஜாக்ஸ்பி-ரன்டைம் இரண்டையும் ஒரே 4.0 பதிப்பில் வையுங்கள். கிரேடிலின் டிபெண்டன்சீஸ் கட்டளையை அந்த கான்ஃபிகரேஷன் பெயரோடு ஓட்டினால் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஜார் மாற்றியும் ஒன்றும் மாறாதது போலத் தோன்றலாம். டாஸ்க்கின் இன்புட்டாக எக்ஸ்எஸ்டி கோப்புகளை மட்டும் சொல்லியிருந்தால், கிரேடில் ‘அப் டு டேட்’ என்று தாண்டிப் போய்விடும். அந்த கான்ஃபிகரேஷனையும் இன்புட்டில் சேருங்கள். உருவான ஃபோல்டரை ஒருமுறை அழித்துவிடுங்கள்.

எக்ஸ்ஜேசிக்குக் கூடுதல் அமைப்புகளைச் சொல்லும் பைண்டிங் கோப்பு இருக்கிறதா? அதன் நேம்ஸ்பேஸ் ஜாவா.சன்.காம் முகவரியில் இருந்தால் புதிய எக்ஸ்ஜேசிக்கு அது புரியாது. ஜகார்த்தா முகவரிக்கு மாற்றி, வெர்ஷனை 3.0 ஆக்குங்கள். பேக்கேஜ் பெயரை அங்கேயும் சொல்லாமல், டாஸ்க்கிலும் கொடுக்காமல் விட்டால், டார்கெட் நேம்ஸ்பேஸைத் திருப்பிப் போட்டு அதுவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
2.3.1தான் ஒளிந்திருந்தது. இன்புட்டையும் சேர்த்தேன், இம்போர்ட் சரியாகிவிட்டது. ஆனால் வேறொரு டீம் தந்த ஜாரிலுள்ள கிளாஸ்களை மார்ஷல் செய்தால் (எக்ஸ்எம்எல்லாக மாற்றினால்) ‘எக்ஸ்எம்எல் ரூட் எலிமெண்ட் இல்லை’ என்கிறது. திறந்து பார்த்தால் அனோட்டேஷன் இருக்கிறதே!

பதில் 1:
இருப்பது ஜாவாக்ஸ் அனோட்டேஷன். ஜகார்த்தா ரன்டைமுக்கு அது வெறும் அந்நியப் பெயர், கண்டுகொள்ளாது. அவர்களின் எக்ஸ்எஸ்டியை வாங்கி உங்கள் பில்டிலேயே உருவாக்குங்கள்.